முழங்கை வலியோடு டென்னிஸ் ராக்கெட் வாங்கப் போகிறவருக்கு

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் புரியட்டும். வயது 42, ஊர் கோவை. பத்து வருடம் ஷட்டில் ஆடியவர், இரண்டு வருடமாக டென்னிஸ், வாரத்துக்கு நான்கு நாள். கையில் இருப்பது 255 கிராம் ராக்கெட், 107 சதுர அங்குல ஹெட் (ஸ்ட்ரிங் கட்டிய முகம்), தலைப்பக்கம் கனம். அதில் பாலியஸ்டர் ஸ்ட்ரிங், கட்டிய டென்ஷன், அதாவது இறுக்கம், 58 பவுண்டு. அடிக்கிற பந்து பேஸ்லைனைத் தாண்டிப் போகிறது, டாப்ஸ்பின் ஏறவில்லை, மூன்று மாதமாக முழங்கையின் வெளிப்பக்கத்தில் வலி. கடைக்காரர் பபோலா ப்யூர் ஏரோ என்கிறார். கிளப் மார்க்கர், அதாவது உங்களோடு பந்து அடித்துப் பழக்குபவர், 18க்கு 20 பேட்டர்ன் (நெடுக்கே 18, குறுக்கே 20 ஸ்ட்ரிங்) வாங்கினால் பந்து உள்ளே விழும் என்கிறார். கன்ட்ரோல், ஸ்பின், கைக்கு இதம் மூன்றும் ஒரே ராக்கெட்டில் வேண்டும். எது?

ராக்கெட் பெயரையும் சொல்கிறேன், ஆனால் கடைசியில். சென்னையில் பதினெட்டு வருடமாக ராக்கெட்டுகளுக்கு ஸ்ட்ரிங் கட்டித் தருகிறேன். உங்கள் நிலையில் என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானோருக்குப் பிரச்சினை ஃபிரேமில் இல்லை, அதில் கட்டியிருக்கும் ஸ்ட்ரிங்கில்தான் இருக்கும். அதனால் இந்த வாரம் புது ராக்கெட் எதுவும் வாங்காதீர்கள். கையில் இருப்பதிலேயே அந்தப் பாலியஸ்டரை அறுத்து எறிந்துவிட்டு, மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்த நல்ல மல்டிஃபிலமென்ட் ஸ்ட்ரிங்கை 50 பவுண்டில் கட்டச் சொல்லுங்கள். அந்த ராக்கெட் உங்களுக்குப் பொருத்தமில்லைதான், எப்படியும் மாற்றத்தான் போகிறோம். ஆனால் வலிக்குக் காரணம் ஸ்ட்ரிங்கா ஃபிரேமா என்று தெரியாமல் பணத்தைக் கொட்டினால், புது ராக்கெட்டிலும் அதே பாலியஸ்டரை அதே 58 பவுண்டில் கட்டிக்கொண்டு அதே வலியோடு நிற்பீர்கள்.

58 பவுண்டு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஷட்டிலில் இருந்து வந்தது. அங்கே பேட் 80, 90 கிராம்தான். ஆட்டம் முன்னேற முன்னேற 24, 26, 28 பவுண்டு என்று டென்ஷனை ஏற்றிக்கொண்டே போவார்கள். டென்ஷன் ஏறினால் கன்ட்ரோல் ஏறும் என்பது அங்கே வேதவாக்கு. இறகுப் பந்து 5 கிராம். டென்னிஸ் பந்து 56 கிராமுக்குக் குறையாது. அது எதிரில் வேகமாக வந்து, விறைத்த பாலியஸ்டரில், லேசான ராக்கெட்டில் மோதினால் அந்த அடியை வாங்குவது யார்? உங்கள் முழங்கைதான். லேசான ராக்கெட்டை நீங்கள் தேர்ந்தெடுத்ததும் அதே பழக்கத்தில்தான். ஷட்டில் பேட்டைப் பிடித்த கைக்கு 300 கிராம் ராக்கெட் உலக்கை மாதிரி இருக்கும். கடையில் நின்று வெறும் காற்றில் வீசிப் பார்க்கும்போது லேசானதுதான் சுகமாக இருக்கும். கோர்ட்டில் பந்து வந்து மோதும்போது கதை வேறு.

அந்தக் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதம் என்பதைப் பலரும் ராக்கெட்டின் கூடுதல் வசதி போலப் பேசுகிறார்கள். என் கணக்கில் அதுதான் அஸ்திவாரம். பந்து ஸ்ட்ரிங்கில் தங்கும் நேரம் ஒரு வினாடியில் இருநூறில் ஒரு பங்கு. அதற்குள் ராக்கெட் திடீரென்று வேகம் குறைகிறது, அந்தக் குலுக்கல் பிடி வழியாகக் கைக்கு ஏறுகிறது. ராக்கெட் கனமாக இருந்தால் பந்து அதை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது. லேசாக இருந்தால் தள்ளும், நடுவை விட்டு ஓரத்தில் பட்டால் கையிலேயே திருகும். அது திருகாமல் இருக்க நீங்கள் உங்களை அறியாமல் பிடியை இறுக்குவீர்கள். இறுக்கிப் பிடிக்கிற தசைகள் போய்ச் சேரும் இடம் முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முனை. டென்னிஸ் எல்போ என்று சொல்லப்படும் வலி அங்கே இருக்கும் தசைநாணில்தான் வருகிறது. பேக்ஹேண்டை உடம்புக்கு முன்னால் அடிக்காமல் தாமதமாக, மணிக்கட்டை மடக்கி அடித்தால் அதே இடத்தில் இன்னும் பாரம் விழும். ஷட்டிலில் மணிக்கட்டுதான் ஆயுதம், அதனால் உங்களுக்கு அந்தப் பழக்கம் கட்டாயம் இருக்கும். அதை எந்த ராக்கெட்டும் சரிசெய்யாது. ஒரு நல்ல கோச் நான்கு வகுப்பில் சரிசெய்வார்.

இதை நான் படித்து மட்டும் சொல்லவில்லை. 41 வயதில் ரொம்ப விறைப்பான ஒரு ஃபிரேமை வாங்கி, முழுக்கப் பாலியஸ்டரை 57 பவுண்டில் கட்டிக்கொண்டு ஆறு மாதம் ஆடினேன். ஒரு நாள் காலையில் காப்பி டம்ளரைத் தூக்கும்போது முழங்கையில் கத்தி வைத்த மாதிரி இழுத்தது. டபராவில் ஆற்ற முடியவில்லை, இடது கையால் எடுத்துக் குடித்தேன். அதன்பின் நான்கு மாதம் கோர்ட் பக்கம் போகவில்லை. ராக்கெட் நல்ல ராக்கெட்தான், இருபது வயதுப் பையன் ஒருவன் அதை வாங்கிக்கொண்டு போய் இன்றும் பிரமாதமாக ஆடுகிறான். என் கைக்கு அது ஒவ்வவில்லை. உங்கள் வலி மூன்று மாதமாக இருக்கிறது என்கிறீர்கள். ஸ்ட்ரிங்கை மாற்றுவதோடு ஒரு எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பார்த்துவிடுங்கள். வலியோடு ஆடிப் பழகிவிட்டால் அது விடாது.

ஃபிரேமின் விறைப்பை ஆர்ஏ என்ற எண்ணால் குறிப்பார்கள். மெஷினில் வைத்து வளைத்துப் பார்த்து எடுக்கும் அளவு. 60க்குக் கீழே என்றால் நன்றாக வளைந்துகொடுக்கும், 60 முதல் 65 வரை நடுத்தரம், 68ஐத் தாண்டினால் விறைப்பு. விறைப்பான ஃபிரேம் வளைவதில் சக்தியை வீணாக்காது, அதனால் பந்து வேகமாகப் போகும், குலுக்கலும் கூடும். வலி இருக்கிற கைக்கு 65ஐத் தாண்ட வேண்டாம் என்பது என் கட்டுப்பாடு. இந்த எண் பெரும்பாலும் ராக்கெட்டின் மேல் அச்சடித்திருக்காது. கடைக்காரருக்கும் தெரியாமல் இருக்கலாம், மாடல் பெயரைப் போட்டு இணையத்தில் தேடினால் கிடைத்துவிடும்.

ஸ்ட்ரிங்கில் மாட்டும் அந்தச் சின்ன ரப்பர் டாம்ப்னரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வலிக்கு அதை நம்பாதீர்கள். அது அடக்குவது ஸ்ட்ரிங்கின் அதிர்வை, சுமார் 500 ஹெர்ட்ஸில் வரும் 'டிங்' சத்தத்தை. ஃபிரேமின் அதிர்வு சுமார் 150 ஹெர்ட்ஸ், அதை அந்த இரண்டு கிராம் ரப்பர் தொடவே தொடாது. சத்தம் பிடிக்கவில்லை என்றால் மாட்டிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

இப்போது பந்து வெளியே போகும் பிரச்சினைக்கு வருகிறேன். கன்ட்ரோல் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று இடம் வலம், இன்னொன்று ஆழம். நீங்கள் எழுதியதில் பந்து பக்கவாட்டில் போவதாக எங்குமே இல்லை, நீளமாகப் போவதாகத்தான் இருக்கிறது. ஆக உங்கள் குறை ஆழத்தில். ஆழத்தைக் கட்டுப்படுத்தும் கருவி டாப்ஸ்பின். மேல்பக்கம் முன்னோக்கி உருளும் பந்தை வலைக்கு மேல் நான்கு அடி உயரத்தில் அனுப்பினாலும் அது வளைந்து கோட்டுக்குள் இறங்கிவிடும். சுழலாத பந்துக்கு அந்த வசதி இல்லை, ஈர்ப்பு விசை ஒன்றை மட்டும் நம்பி இறங்க வேண்டும்.

உங்கள் ஆட்டத்தைப் பார்க்காமலே ஒன்று சொல்கிறேன், சரியா என்று பாருங்கள். இரண்டு பந்து வெளியே போனதும் மூன்றாவது பந்தில் கையைப் பாதியில் பிடித்து நிறுத்துகிறீர்கள். வேகம் குறைந்ததும் ஸ்பின்னும் குறைகிறது, ராக்கெட்டின் முகமும் கொஞ்சம் திறந்துகொள்கிறது, மெதுவாக அடித்த பந்தும் மிதந்து வெளியே போகிறது. அதைப் பார்த்து இன்னும் பயந்து இன்னும் நிறுத்துகிறீர்கள். 107 சதுர அங்குலம், தலைகனம், தடித்த ஃபிரேம் எல்லாம் சேர்ந்து, மெதுவாக வீசுகிறவருக்கும் பந்தை எதிர்ப்பக்கம் அனுப்பித் தருவதற்காகச் செய்யப்பட்ட ராக்கெட் அது. உங்கள் கைவீச்சு அதைத் தாண்டி வளர்ந்துவிட்டது. நீங்கள் பயப்படாமல் முழுக் கையை வீசினாலும் பந்தை உள்ளே வைக்கிற ராக்கெட்டைத்தான் உங்களுக்கான கன்ட்ரோல் ராக்கெட் என்று நான் சொல்வேன். பெட்டியில் 'கன்ட்ரோல்' என்று அச்சடித்திருப்பதை அல்ல.

இங்கேதான் மார்க்கர் சொன்ன 18க்கு 20 வருகிறது. அவர் சொல்வது தப்பில்லை. நெருக்கமான பேட்டர்னில் ஸ்ட்ரிங் அதிகம் நகராது, பந்து ராக்கெட்டை விட்டுத் தாழ்வாகக் கிளம்பும், தட்டையாக அடிப்பவர்களுக்கு அது பொக்கிஷம். அவர் சிறு வயதிலிருந்து தினமும் நாலு மணி நேரம் பந்து அடித்து வளர்ந்தவராக இருப்பார், ஒவ்வொரு பந்தும் ஸ்ட்ரிங்கின் நடுவில் படும். உங்களுக்கு இன்னும் ஸ்பின்னே உருவாகவில்லை. அதற்குக் கிடைக்கக்கூடிய சின்ன உதவியையும் 18க்கு 20 பறித்துக்கொள்ளும். 16க்கு 19 போதும், வேண்டுமானால் 16க்கு 20.

ஸ்பின் எப்படி ஏறுகிறது என்று உங்கள் ராக்கெட்டிலேயே பார்க்கலாம். மடியில் வைத்துக்கொண்டு, நடுவில் இருக்கும் ஒரு மெயின் ஸ்ட்ரிங்கை, அதாவது நெடுக்குவாட்டில் ஓடுவதை, விரலால் பக்கவாட்டில் இழுத்து விடுங்கள். 'டக்'கென்று தன் இடத்துக்குத் திரும்பினால் அது உயிரோடு இருக்கிறது. இழுத்த இடத்திலேயே கோணலாக நின்றுவிட்டால் செத்துவிட்டது. கீழிருந்து மேலாக வீசும்போது பந்து இந்த மெயின் ஸ்ட்ரிங்குகளைக் கீழ்ப்பக்கமாகத் தள்ளுகிறது. பந்து கிளம்பும் நொடியில் அவை திரும்பிப் பாய்ந்து, பந்தை ஒரு சுண்டு சுண்டி அனுப்புகின்றன. சிட்னி பல்கலைக்கழக இயற்பியலாளர் ராட் கிராஸ் போன்றவர்கள் இதை விளக்கமாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பாலியஸ்டர் ஸ்பின்னுக்குப் பேர்போனது ஒட்டிப் பிடிப்பதால் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு ஓடித் திரும்புவதால்தான்.

இதற்கு டென்னிஸ் சரித்திரத்திலேயே ஒரு பெரிய அத்தாட்சி உண்டு. 1977இல் 'ஸ்பகெட்டி' ராக்கெட் என்று ஒன்று வந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த வெர்னர் ஃபிஷர் என்பவர் செய்தது. அதில் மெயின் ஸ்ட்ரிங்குகளைக் குறுக்கு ஸ்ட்ரிங்குகளோடு பின்னாமல், இரண்டு அடுக்காகத் தனியே ஓடவிட்டிருந்தார்கள். தடையே இல்லாமல் அவை நகர்ந்து திரும்பின, பந்து பேய்த்தனமாகச் சுழன்றது. அந்த அக்டோபரில் பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்சில் நடந்த இறுதியாட்டத்தில் இலி நஸ்டாஸே அதை வைத்துக்கொண்டு கில்லெர்மோ விலாஸை முதல் இரண்டு செட்டில் வீழ்த்தினார். விலாஸ் அதற்குமேல் ஆட மறுத்து வெளியேறினார். களிமண் தரையில் 53 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்திருந்தவர் அவர். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு உடனே அதைத் தடை செய்தது, ஸ்ட்ரிங்குகள் ஒன்றோடொன்று பின்னியிருக்க வேண்டும் என்று அடுத்த வருடம் விதியே எழுதிவிட்டது. ஸ்ட்ரிங் நகர்ந்தால் ஸ்பின் ஏறும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? இருபது வருடம் கழித்து, 1997இல், உலகத் தரவரிசையில் 66ஆம் இடத்தில் இருந்த குஸ்தாவோ குயெர்டன் லக்ஸிலான் பாலியஸ்டர் கட்டி பிரெஞ்சு ஓபனை ஜெயித்தார். அதன்பின் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலரும் ஒருவர் பின் ஒருவராக அந்தப் பக்கம் போனார்கள்.

அப்படியானால் நமக்கும் பாலியஸ்டர்தானே நல்லது? இல்லை. அவர்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் புதிதாகக் கட்டுகிறார்கள், நடு ஆட்டத்திலேயே பந்து மாறும்போது ராக்கெட்டை மாற்றுகிறவர்களும் உண்டு. பாலியஸ்டர் 10, 15 மணி நேர ஆட்டத்தில் செத்துவிடும். அறுந்து போகாது, அதுதான் ஆபத்து. சாதாரண ஸ்ட்ரிங் அறுந்து நம்மை மாற்ற வைக்கும், பாலியஸ்டர் அறுபடாமல் மாதக்கணக்கில் கிடக்கும். போன மாதம் ஒருவர் கொண்டுவந்த ராக்கெட்டில் இருந்தது எட்டு மாதப் பாலியஸ்டர். அறுத்து எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். குறுக்கு ஸ்ட்ரிங் உரசிய இடங்களில் எல்லாம் ரம்பப் பல் போல ஆழமான பள்ளம். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு குறுக்கு ஸ்ட்ரிங் சிக்கி உட்கார்ந்திருந்தது, நகர வழியே இல்லை. ஸ்பின்னும் போய், இதமும் போய், கம்பி மாதிரி ஒரு விறைப்பு மட்டும் மிச்சம். அவரும் முழங்கையைத் தேய்த்துக்கொண்டுதான் வந்து நின்றார்.

மல்டிஃபிலமென்ட் என்பது நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்தது. மெத்தென்று இருக்கும், டென்ஷனையும் ஓரளவு காப்பாற்றும். வில்சன் என்எக்ஸ்டி, டெக்னிஃபைபர் எக்ஸ்-ஒன் பைஃபேஸ் இரண்டும் பல வருடமாக நான் கட்டிக் கொடுப்பவை, புகார் வந்ததில்லை. 1.30 மில்லிமீட்டர் தடிமனில் கட்டினால் உங்கள் ஆட்டத்துக்கு இரண்டு மூன்று மாதம் வரும். இதற்கும் மேலே இருப்பது இயற்கை கட், மாட்டுக் குடலில் இருந்து செய்வது. லியோனில் 1875இல் அதைச் செய்யத் தொடங்கியதில் இருந்துதான் பபோலா நிறுவனமே வளர்ந்தது. இன்றும் அதைவிடக் கைக்கு இதமான ஸ்ட்ரிங் இல்லை. விலை பல மடங்கு, ஈரம் ஆகாது. எங்கள் சென்னையில் ஐப்பசி கார்த்திகையில் ஈரக் களிமண் கோர்ட்டில் ஆடினால் நாலு நாளில் பிரி பிரியாகப் போய்விடும். கோவைக் காற்று இவ்வளவு மோசமில்லை என்றாலும் இப்போதைக்கு அந்தச் செலவு உங்களுக்குத் தேவையில்லை. வலி முழுக்கப் போய், டாப்ஸ்பின்னும் வர ஆரம்பித்த பிறகு, மெயினில் மல்டிஃபிலமென்ட், குறுக்கில் மென்மையான வழவழப்பான பாலியஸ்டர் என்று கலந்து கட்டலாம். ஃபெடரர் மெயினில் இயற்கை கட், குறுக்கில் லக்ஸிலான் என்றுதான் வருடக்கணக்கில் ஆடினார். நெடுக்கு ஸ்ட்ரிங் வழவழப்பான குறுக்கின் மேல் நன்றாக ஓடித் திரும்பும், மெயினில் இருப்பது மெத்தென்றதால் கைக்கும் நோகாது.

டென்ஷன் பற்றி ஷட்டில் கற்றுக்கொடுத்ததைக் கொஞ்சம் மறக்க வேண்டும். ஏற்றினால் பந்தின் வேகம் சற்றுக் குறையும், தாழ்வாகக் கிளம்பும், உண்மைதான். ஆனால் கைக்குக் கொடுக்கும் விலை பெரிது, கிடைக்கும் லாபம் நாம் நினைப்பதைவிடச் சிறிது. பீட் சாம்ப்ராஸ் 85 சதுர அங்குல ராக்கெட்டில் 70 பவுண்டுக்கு மேல் இறுக்கிக் கட்டினார், அது இயற்கை கட் என்பதை மறந்துவிடக் கூடாது. பிரான்சின் அட்ரியன் மன்னரினோ 30 பவுண்டுக்கும் கீழே தளர்த்திக் கட்டி உலகின் முன்னணி வரிசைக்கு வந்தார். இருவருக்கும் பந்து உள்ளேதான் விழுந்தது. உங்களுக்கு மல்டிஃபிலமென்ட் 50 முதல் 52. பந்து கொஞ்சம் நீளமாகப் போவதாகத் தெரிந்தால் அடுத்த முறை இரண்டு பவுண்டு ஏற்றலாம், அதற்குமேல் வேண்டாம். கட்டிய ராக்கெட்டை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டு ஆபீஸ் போகாதீர்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் ஒரே பகலில் ஸ்ட்ரிங் தளர்ந்துவிடும்.

அடுத்து எடையும் சமநிலையும். ஒரு பென்சிலை மேசையில் வைத்து அதன் மேல் ராக்கெட்டைத் தராசு போல நிறுத்துங்கள். எங்கே சரியாக நிற்கிறதோ அங்கிருந்து பிடியின் அடிமுனை வரை அளந்து பாருங்கள். 27 அங்குல ராக்கெட்டின் நடு 34.3 சென்டிமீட்டர். உங்களுடையது அதைத் தாண்டி 36 பக்கம் வரும் என்று நினைக்கிறேன். நீங்கள் தேட வேண்டியது ஸ்ட்ரிங் இல்லாமல் 295 முதல் 305 கிராம், சமநிலை 32 சென்டிமீட்டர் அளவில். ஸ்ட்ரிங் கட்டியதும் எடை 315ஐ ஒட்டி வரும், சமநிலை 33க்கு நகரும். கனம் பிடிப்பக்கம் இருப்பதால் தூக்கி வீச உங்கள் பழைய ராக்கெட்டை ஒத்தே இருக்கும், பந்து மோதும்போது மட்டும் அசையாமல் நிற்கும். முதல் இரண்டு வாரம் தோள் கொஞ்சம் அலுக்கும், பிறகு பழகிவிடும்.

இந்த வீசும் கனத்துக்கு ஸ்விங்வெயிட் என்று பெயர். மொத்த எடையைவிட முக்கியமான எண் அது, 315 முதல் 325 வரை உங்களுக்குச் சரி. எடை எங்கே இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய வித்தியாசம் செய்யும் என்றால், ஹெட்டின் உச்சியில் 3 கிராம் ஈயப் பட்டை ஒட்டினால் ஸ்விங்வெயிட் 10 ஏறிவிடும். அதே 3 கிராமை ஹெட்டின் இரு பக்கமும் பிரித்து ஒட்டினால் 5, 6 தான் ஏறும், ஓரத்தில் பட்ட பந்துக்கு ராக்கெட் திருகுவது குறையும். பிடியின் அடியில் 10 கிராம் வைத்தால்கூட ஒன்று ஏறுவதே அபூர்வம். அதனால் வாங்கும்போது கொஞ்சம் லேசாக வாங்கிப் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம், கனமானதை வாங்கிச் செதுக்க முடியாது. ஒரே மாடலில் இரண்டு ராக்கெட்டுக்குள்ளேயே 5, 7 கிராம் வேறுபடும். கடைக்குப் போகும்போது ஒரு சின்னச் சமையலறைத் தராசை எடுத்துக்கொண்டு போங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

ஹெட் அளவு 98 அல்லது 100. மர ராக்கெட் காலத்தில் அது 65, 70 சதுர அங்குலம்தான். 1960இலும் 1961இலும் நம் ராமநாதன் கிருஷ்ணன் விம்பிள்டன் அரையிறுதி வரை போனது அந்தச் சின்ன முகத்தை வைத்துக்கொண்டுதான். 1976இல் ஹோவர்ட் ஹெட் என்பவர் பிரின்ஸ் நிறுவனத்துக்காக 110 அங்குல ராக்கெட்டைக் கொண்டுவந்த பிறகுதான் பெரிய முகம் வந்தது. ஃபெடரரே 90ஐ விட்டுவிட்டு 2014இல் 97க்கு மாறினார். 98க்குக் கீழே போக இன்று யாருக்கும் அவசியமில்லை. ஆனால் ஃபெடரர் பெயர் போட்ட அந்த 97 அங்குல ராக்கெட்டை வாங்கிவிடாதீர்கள், ஸ்ட்ரிங் இல்லாமலே 340 கிராம். நட்சத்திரங்கள் கையில் இருப்பது கடையில் தொங்குவது அல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பலருடையது வேறு அச்சில் வார்த்த பழைய ஃபிரேம், அவர்களுக்கென்றே ஈயம் ஏற்றி, மேலே இந்த வருடத்துப் பெயிண்ட் அடித்தது.

பிடி அளவு சின்ன விஷயம்போலத் தோன்றும், முழங்கைக்கு அது சின்ன விஷயமில்லை. ஃபோர்ஹேண்டுக்குப் பிடிப்பது போலப் பிடித்து, விரல் நுனிக்கும் உள்ளங்கை மேட்டுக்கும் நடுவில் மற்றக் கையின் சுட்டுவிரலை நுழைத்துப் பாருங்கள். இறுக்கமாக நுழைந்தால் சரி. நுழையவே இல்லையென்றால் பிடி சிறிது, அதைப் பிடித்து நிறுத்த நீங்கள் இறுக்க வேண்டியிருக்கும். 2ஆம் எண் வாங்கி ஒரு ஓவர்கிரிப் சுற்றினால் அரை அளவு கூடும். வியர்வைக் கைக்கு ஓவர்கிரிப்பை வாரம் ஒருமுறை மாற்றுங்கள். வழுக்கும் பிடியை யாராலும் தளர்வாகப் பிடிக்க முடியாது.

இனி பெயர்கள். ப்யூர் ஏரோ நல்ல ராக்கெட், ஸ்பின்னுக்கென்றே செய்தது, நடால் வளர்த்த குடும்பம். கை நன்றாக இருந்திருந்தால் தடுத்திருக்க மாட்டேன். விறைப்பு 65க்கு மேலே வரும், வலி இருக்கும்போது வேண்டாம். ப்யூர் டிரைவ் இன்னும் விறைப்பு, அதுவும் வேண்டாம். உங்களுக்கு நான் முதலில் நீட்டுவது ஹெட் நிறுவனத்தின் கிராவிட்டி எம்பி. 100 அங்குலம், 295 கிராம், 16க்கு 20, வளைந்துகொடுக்கும் ஃபிரேம், ஸ்வீட் ஸ்பாட், அதாவது பந்து இதமாகப் படும் நடுப்பகுதி, பெரிது. முழுக் கையையும் வீசத் தைரியம் தரும் ராக்கெட் அது. தானாகப் பந்தைத் தள்ளாது, வேகத்தை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். அது உங்களுக்கு நல்லதுதான். இரண்டாவது வில்சன் கிளாஷ் 100. 2019இல் வந்தது, விறைப்பு 55 பக்கம், இதத்தில் இதை அடிக்க ஆள் குறைவு. ஆனால் பந்து உயரமாகக் கிளம்பும், எங்கே பட்டது என்று கைக்குத் தெளிவாகத் தெரியாது என்பது என் குறை. வலி விடவே மாட்டேன் என்கிறது என்றால் இதையே முதலாவதாக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் கிடைக்கவில்லை என்றால் ஹெட் ஸ்பீட் எம்பி, 300 கிராம், 16க்கு 19, நடுவாந்திரமாக எல்லாம் செய்யும். வில்சன் பிளேட் 98ஐ எனக்கு ரொம்பப் பிடிக்கும், நான் இப்போது ஆடுவதும் அதுதான். பந்தை நடுவில் படவைக்கும் பழக்கம் வந்த பிறகு, இன்னும் ஒரு வருடம் கழித்து யோசியுங்கள். இவை எல்லாமே இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப் பெயிண்டில் புது எண்ணோடு வருகின்றன. முந்தைய பதிப்பு கணிசமாக விலை குறையும், ஆட்டத்தில் நீங்கள் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். மிச்சமாகும் காசில் நான்கு முறை ஸ்ட்ரிங் கட்டலாம்.

நம் ஊரில் டெமோ ராக்கெட் கிடைப்பது அரிது. கிளப்பில் யாரிடம் என்ன இருக்கிறது என்று விசாரித்து ஒரு காலைக்கு இரவல் வாங்குங்கள். வாங்கும்போது அதில் என்ன ஸ்ட்ரிங், என்ன டென்ஷன், எப்போது கட்டியது என்று கேட்டுவிடுங்கள். செத்த பாலியஸ்டர் கட்டிய கிளாஷை அடித்துப் பார்த்துவிட்டு ஃபிரேம் சரியில்லை என்று வந்தவர்கள் இருக்கிறார்கள். பத்து நிமிடம் போதாது. ஒரு மணி நேரமாவது, சர்வும் சேர்த்து, கடைசிப் பதினைந்து நிமிடம் களைத்த பிறகும் ஆடிப் பாருங்கள். களைத்த கையில் ராக்கெட்டின் தலை பின்தங்கினால் அது உங்களுக்குக் கனம். பந்து வெளியே போகிறதா என்பதைவிட, வெளியே போன பிறகு அடுத்த பந்துக்குக் கையை நிறுத்தினீர்களா இல்லையா என்று கவனியுங்கள். மறுநாள் காலை எழுந்ததும் அந்தக் கையால் ஒரு டம்ளர் நிறையக் காப்பியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அதன்பின் எனக்கு எழுதுங்கள்.